ஒரு சொல், இரண்டு வெட்டு

கொங்கு நாட்டில் போர் போட்டுத் தண்ணீர் எடுக்கும் எந்தத் தோட்டத்திலும் சப்மெர்சிபிள் என்ற சொல் வழங்குகிறது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் அந்த மோட்டாரைச் செய்கிறவர்களும், குழாயோடு அதைக் கிணற்றுக்குள் இறக்குகிறவர்களும் நாள்தோறும் சொல்லும் சொல் அது. சிலர் வாயில் சம்மர்சிபிள் என்றும் வரும். கல்லூரி விடுதிகளில் வாளித் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிக்கு இம்மர்ஷன் ஹீட்டர் என்று பெயர். மருத்துவமனை வாசலில் சிவப்பு எழுத்தில் எமர்ஜென்சி என்று பலகை தொங்குகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இந்த மூன்றும் ஒரே இலத்தீன் வினையின் பிள்ளைகள். மெர்கெரே என்ற அந்த வினைக்கு மூழ்குதல், அமிழ்த்துதல் என்று பொருள். சப் என்றால் கீழே. இபிள் என்றால் இயலக்கூடியது. நீருக்குக் கீழே மூழ்கியிருக்கக் கூடியது சப்மெர்சிபிள். உள்ளே முக்கி வைப்பது இம்மர்ஷன். அமிழ்ந்து கிடந்தது திடீரென்று வெளியே தலைதூக்கினால் எமர்ஜென்சி. நீர்மூழ்கி மோட்டார் என்று தமிழில் சொல்லும்போது, பொருளை இம்மியும் சிதைக்காமல் அந்த முதல் சொல்லைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்கிறோம். ஆனால் பள்ளிப் பிள்ளை ஒருவன் அதே சொல்லை ஆங்கிலப் புத்தகத்தில் காணும்போது அவனுக்கு நீரும் தெரிவதில்லை, மூழ்குவதும் தெரிவதில்லை. பதினொரு எழுத்துகள் வரிசையாக நிற்பது மட்டுமே தெரிகிறது.

அந்தப் பதினொரு எழுத்தை அவன் எப்படிக் கையாளுகிறான் என்பதைத் தமிழ்நாட்டு வகுப்பறையை அறிந்த எவரும் சொல்லிவிடுவார்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பத்து முறை மனப்பாடம் செய்வான். பிறகு பத்து முறை எழுதுவான். வாசிக்கச் சொல்வார்கள் என்ற அச்சம் இருந்தால் வரிக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் ஒலியைக் குறித்துக்கொள்வான். தேர்வு முடிந்த மறுவாரம் இரண்டும் மறந்துபோகும். இந்தச் சிக்கலின் கனம் அண்மை ஆண்டுகளில் கூடியிருக்கிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால், தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளுக்குள் நுழைகிறார்கள். வேளாண்மை, நெசவு, பொறியியல், மருத்துவம் எதுவானாலும் முதல் மாதத்தில் அவர்களை மிரட்டுவது பாடத்தின் கடினம் அன்று, பாடத்தைச் சுமந்து வரும் நீண்ட சொற்கள். இந்தச் சொற்களை எப்படிப் பிரித்துக் கற்பது, ஒலியால் பிரிப்பதா பொருளால் பிரிப்பதா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. நம் பிள்ளைகளுக்குப் பொருட்பிரிப்பே முதலில் வேண்டும், ஒலிப்பிரிப்பு அதன் பின்னே வர வேண்டும், இரண்டுக்குமான பயிற்சி அவர்களுடைய தமிழ் இலக்கண வகுப்பிலேயே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பது இதன் முடிபு.

இறுதியாகச் சொன்னதிலிருந்தே தொடங்கலாம். பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில் இரண்டு பழகிய வினாக்கள் உண்டு. ஒன்று, குறளை அலகிட்டு வாய்பாடு தருவது. மற்றொன்று, ஒரு சொல்லுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் தருவது. வந்தனன் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அலகிட்டால் வந் என்பது நேர், தனன் என்பது நிரை, வாய்பாடு கூவிளம். அதே சொல்லை உறுப்புகளாகப் பிரித்தால், வா என்ற பகுதி வ எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, இறுதி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓசை வெட்டு த என்ற எழுத்தை முழுதாக விட்டுவைக்கிறது. பொருள் வெட்டு அந்த எழுத்தின் நடுவிலேயே புகுந்து த் ஒரு பக்கம், அ மறுபக்கம் என்று பிளக்கிறது. ஒரு சொல்லுக்குள் இரண்டு வகை எல்லைகள் இருக்கின்றன, அவை ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை என்ற நுட்பமான உண்மையைப் பதினைந்து வயதுப் பிள்ளை தேர்வு அறையில் மெய்ப்பித்துக் காட்டுகிறான். அடுத்த நாள் ஆங்கிலத் தேர்வில் இந்த அறிவு அவனுக்குப் பயன்படுவதில்லை. அது பயன்படும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஆங்கிலத்திலும் நிலைமை இதுவேதான். ஹெலிகாப்டர் என்ற சொல்லை வாயால் பிரித்தால் ஹெ, லி, காப், டர் என்று நான்கு துண்டுகள். பொருளால் பிரித்தால் இரண்டே துண்டுகள்தான்: சுருளைக் குறிக்கும் ஹெலிகோ, சிறகைக் குறிக்கும் ப்டெர். இரண்டும் கிரேக்கம். காப் என்ற ஓசைத் துண்டின் நடுவில், உயிருக்கும் ப் என்ற மெய்க்கும் இடையே பொருள் வெட்டு விழுகிறது; வந்தனனில் த பிளந்ததைப் போலவே இங்கும் நடக்கிறது. இந்தச் சிறகைக் கண்டுகொண்டவனுக்கு, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் பாடத்தில் வரும் பெயர்கள் திடீரென்று பேசத் தொடங்கும். பட்டுப்பூச்சியும் பருத்திக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சியும் அடங்கும் லெபிடாப்டெரா என்றால் செதில் சிறகு. வண்டுகளின் கோலியாப்டெரா என்றால் உறை போட்ட சிறகு. ஈக்களின் டிப்டெரா என்றால் இரண்டு சிறகு. வாயால் மட்டும் பிரித்தவனுக்கு இவை மூன்றும் மூன்று தனி மனப்பாடங்கள். பொருளால் பிரித்தவனுக்கு ஒரு சொல் தெரிந்தால் மற்ற இரண்டில் பாதி தெரிந்த மாதிரி.

ஓசைவழிப் பிரிப்புக்கு ஆங்கில உலகில் நீண்ட வரலாறு உண்டு. நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டுப் புத்தகம் சொற்களை அசை அசையாக உடைத்துக் காட்டி அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. வாய் எங்கே நிற்கிறதோ அங்கே வெட்டு என்பது அவர் வழி. பிரிட்டிஷ் அச்சகங்களோ சொல்லின் பிறப்பைப் பார்த்து வெட்டும் பழக்கத்தை வைத்திருந்தன. அதனால் ஒரே சொல் வரியின் ஓரத்தில் கடலுக்கு இந்தப் பக்கம் ஓரிடத்திலும் அந்தப் பக்கம் வேறிடத்திலும் உடைந்தது. 1930-களில் அன்னா கில்லிங்காமும் பெஸ்ஸி ஸ்டில்மனும், வாசிப்பதில் தடுமாறும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய பயிற்சி முறையின் வழியில், அசைகளை ஆறு வகையாகப் பிரித்துக் கற்பிக்கும் மரபு வளர்ந்தது. இன்று நம் ஊர்களில் ஃபோனிக்ஸ் என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளும் ஓசைவழியையே பின்பற்றுகின்றன.

இந்த விதிகள் எவ்வளவு தூரம் செல்லுபடியாகின்றன என்பதை 2020-இல் டெவின் கெர்ன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆயிரக்கணக்கான சொற்களை வைத்துச் சோதித்தார். இரண்டு உயிர்களுக்கு நடுவே இரண்டு மெய்கள் வந்தால் அவற்றின் இடையே வெட்டு என்ற விதி பெரும்பாலும் நம்பத்தக்கது. நடுவே ஒரே மெய் வந்தால் எங்கே வெட்டுவது என்ற விதி அவ்வளவு கைகொடுப்பதில்லை. சொல் நீள நீள விதிகளின் பயனும் குறைகிறது என்பது அவர் கண்டது. ரோபாட், ராபின் என்ற இரண்டு சொற்களே இதற்குச் சான்று. ஆங்கிலத்தில் இரண்டும் ஆர், ஓ, பி என்ற அதே மூன்று எழுத்துகளில் தொடங்குகின்றன. முதலாவதில் ஓ-வை ஒட்டி வெட்டு, இரண்டாவதில் பி-யைத் தாண்டி வெட்டு. எழுத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங், கணினியை வைத்து வரியின் ஓரத்தில் சொற்களை உடைக்கும் முறையை உருவாக்கினார். 4,447 வடிவங்களைக் கொண்டு அது அகராதியில் உள்ள பிரிப்புகளில் 89 விழுக்காட்டைச் சரியாகக் கண்டுபிடித்தது. அத்தனை நுட்பமான முறையும் ரெகார்டு என்ற சொல்லில் தடுக்கி விழும். பெயர்ச்சொல்லானால் ஓரிடத்தில் வெட்டு, வினைச்சொல்லானால் வேறிடத்தில் வெட்டு. பதிவேடா, பதிவு செய்தலா என்ற பொருள் தெரியாமல் அங்கே ஓசையைக்கூடப் பிரிக்க இயலாது.

இந்த மரபை நம் வகுப்பறைக்கு அப்படியே கொண்டுவருவதில் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஓசைப் பிரிப்பு யாருக்காக உருவானது என்று கேட்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைக்கு ஆறு வயதிலேயே ஆயிரக்கணக்கான சொற்கள் காதில் குடியிருக்கின்றன. புத்தகத்தில் ஒரு சொல்லை அவன் துண்டு துண்டாக ஒலித்துச் சேர்த்தவுடன், அட, இது நமக்குத் தெரிந்த சொல்லாயிற்றே என்று காது அடையாளம் கண்டுகொள்கிறது. பொருள் காதின் வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது. பொங்கலூரிலோ அந்தியூரிலோ படிக்கும் பிள்ளைக்கு அந்தக் காது இல்லை. ஒரு நீண்ட சொல்லை அவன் பிழையே இல்லாமல் அசை பிரித்து உச்சரித்துவிட்டாலும், யாரென்று தெரியாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிதான். ஒலி கைக்கு வந்தும் பொருள் வந்து சேராது. ஓசைப் பிரிப்பு தவறான வழி என்று இதனால் ஆகிவிடாது. நம் பிள்ளையை அது பாதி வழியில் இறக்கிவிட்டுப் போகிறது. மீதி வழிக்குப் பொருட்பிரிப்பு வேண்டும்.

தமிழ்ச் செவியின் இயல்பும் இங்கே குறுக்கே நிற்கிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஓர் ஒலியசையைச் சுமக்கிறது. க, கா, கி என்று எழுத்தைச் சொல்லும்போதே அசையும் வந்துவிடும். ஆங்கில எழுத்தில் அந்த வசதி இல்லை. நம் யாப்பில் வரும் அசையும் ஆங்கிலத்தின் அசையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. மலை என்பது நமக்கு நிரை என்ற ஒரே அசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு. சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் கூட்டமாக வருவதைத் தமிழ் ஏற்பதில்லை. ஸ்கூல் இஸ்கூல் ஆகிறது. இறுதியில் வல்லினம் தனித்து நிற்பதையும் ஏற்பதில்லை. பம்ப் பம்பு ஆகிறது. இவை செவி தன் மொழியின் சட்டத்தைக் காக்கும் வழிகள். ஒருவருடைய குறைபாடாக இவற்றைக் கருதுவது தவறு. ஆனால் இந்தச் சட்டத்தோடு ஆங்கிலச் சொல்லின் அசைகளை எண்ணும்போது எண்ணிக்கை பிசகும். வலிமைகளைக் குறிக்கும் ஸ்ட்ரெங்த்ஸ் என்ற சொல்லை ஆங்கிலேயர் ஒரே அசையாகச் சொல்ல, தமிழ் வாய் மூன்றாக்கும். அசை எண்ணுவதையே அடித்தளமாக வைத்துக் கட்டிய பாடம் முதல் படியிலேயே ஆட்டம் காணும்.

பொருட்பிரிப்பின் பக்கம் வந்தால் சான்றுகள் தெம்பு தருகின்றன. 1989-இல் ஒயிட், சோவெல், யானகிஹாரா என்ற மூவர் அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் வழங்கும் முன்னொட்டுச் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். 20 முன்னொட்டுகள் அத்தகைய சொற்களில் 97 விழுக்காட்டை அடக்கிவிடுகின்றன. அவற்றிலும் அன், ரீ, இன், டிஸ் என்ற நான்கு மட்டுமே 58 விழுக்காட்டைக் கொண்டுவிடுகின்றன. கடலைப் போலத் தோன்றும் ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு பள்ளிப் பருவத்துக்குள் கற்று முடிக்கக்கூடிய சிறு திறவுகோல் கொத்து இருக்கிறது என்பதே இதன் பொருள். 2010-இல் பவர்ஸ், கிர்பி, டீக்கன் ஆகியோர் 22 ஆய்வுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது, சொல்லுறுப்புகளைக் கற்பித்தல் வாசிப்புக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் துணை செய்கிறது என்றும், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கே அதன் பயன் கூடுதல் என்றும் கண்டார்கள். இவை நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்துச் செய்தவை அல்ல என்பது உண்மை. ஆனால் காதில் சொல் இருக்கும் பிள்ளைக்கே பொருட்பிரிப்பு உதவுகிறது என்றால், காதில் சொல் இல்லாத பிள்ளைக்கு அதன் தேவை கூடுமே தவிரக் குறையாது.

இங்கேதான் கொங்கு நாட்டின் பங்கு வருகிறது. பகுபதத்தை ஆறு உறுப்புகளாகப் பகுத்து நமக்குத் தந்தது பவணந்தி முனிவரின் நன்னூல். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள இயற்றப்பட்ட நூல் அது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை ஒட்டிய சீனாபுரமே பவணந்தியின் ஊர் என்பது கொங்கு நாட்டில் வழங்கிவரும் செய்தி. பக்கத்திலுள்ள விஜயமங்கலம் இன்றும் சமணக் கோயிலோடு நிற்கிறது. அவர் சொன்ன ஆறு உறுப்புகளை ஆங்கிலச் சொல்லின் மேல் வைத்துப் பார்த்தால் வியப்பூட்டும் பொருத்தங்கள் தெரிகின்றன. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். அடுத்து வரும் ககரத்துக்கு ஏற்ப மகரம் ஙகரமாகிறது. ஆங்கிலத்தில் மறுப்பைக் காட்டும் இன் என்ற முன்னொட்டு பாசிபிள் என்பதோடு சேர்ந்தால் இம்பாசிபிள். அடுத்து வரும் பகரத்துக்கு ஏற்ப னகரம் மகரமாகிறது. லீகல் என்பதோடு சேர்ந்தால் இல்லீகல், ரெகுலர் என்பதோடு சேர்ந்தால் இர்ரெகுலர். நான்கு முன்னொட்டுகளாக மனப்பாடம் செய்யப்படுபவை உண்மையில் ஒன்றே. மற்ற மூன்றும் புணர்ச்சியில் வந்த திரிபுகள். உள்ளே என்ற பொருள் தரும் இன்னொரு இன்னும் இதே வழியில் இம் ஆகித்தான் இம்மர்ஷன் பிறந்தது. எமர்ஜென்சியில் மெர்ஜ் என்று இருந்தது சப்மெர்சிபிளில் மெர்ஸ் என்று ஆனது, வா என்பது வ ஆனதைப் போன்ற விகாரம்.

இவற்றில் மிக அழகானது சாரியை. மரம் என்பதோடு ஐ சேரும்போது மரத்தை என்று இடையில் அத்து வருகிறது; அதற்குத் தனிப் பொருள் இல்லை, இரண்டு உறுப்புகளை இணைக்க வந்தது. தெர்ம், மீட்டர் என்ற இரண்டு கிரேக்க உறுப்புகளுக்கு நடுவே ஓர் ஓ வந்து நிற்கிறது. அதற்கும் தனிப் பொருள் இல்லை. ஸ்பீடு என்ற தூய ஆங்கிலச் சொல்லைக்கூட மீட்டரோடு சேர்க்கும்போது அந்த ஓ நடுவில் வந்துவிடுகிறது. இந்த எழுத்து எதற்கு என்று பிள்ளை கேட்டால் ஆங்கில வகுப்பில் எளிதில் விடை கிடைப்பதில்லை. தமிழ் வகுப்பில் அதற்குப் பல நூற்றாண்டுகளாக ஒரு பெயர் இருக்கிறது. எல்லா உறுப்புகளும் இப்படிப் பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. காலம் காட்டும் இடைநிலைக்கு ஆங்கிலத்தில் நேர் இணை இல்லை. இதைவிடப் பெரிய வேறுபாடு பகுதி நிற்கும் இடம். தமிழில் பகுதி எப்போதும் முதலில் நிற்பது. முதனிலை என்பதே அதன் இன்னொரு பெயர். தமிழ்ச் சொல் வலப்பக்கமாக மட்டுமே வளரும். ஆங்கிலச் சொல் இருபுறமும் வளரும். இன்டர்நேஷனலைசேஷன் என்ற சொல்லில் நேஷன் என்ற பகுதி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தலையைப் பார்த்தே சொல்லை அறியும் தமிழ்ப் பிள்ளை இன்டர் என்பதைப் பகுதி என்று எண்ணித் தடுமாறுகிறான். இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால், சொல்லின் இரு முனைகளையும் விரலால் மறைத்து நடுவைப் பார் என்று ஒரே வரியில் அதைத் தீர்த்துவைக்கலாம்.

இந்தப் பிரிப்பை நம் முன்னோர் மிகப் பெரிய அளவில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். திருப்பூரைச் சேர்ந்த தி. சு. அவினாசிலிங்கம் தலைமையேற்ற தமிழ் வளர்ச்சிக் கழகம், மொடக்குறிச்சிப் பக்கத்துக் கவிஞர் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது. கோவையில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய கலைக்கதிர் இதழ் அறிவியலைத் தமிழில் எழுதும் பயிற்சிக்கூடமாக விளங்கியது. கலைச்சொல் ஆக்கம் என்பதே ஆங்கிலச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழ் வைத்து மீண்டும் கட்டும் வேலைதான். நுண்ணுயிரியல் என்ற சொல்லைப் பாருங்கள். நுண், உயிர், இயல். மைக்ரோ, பயோ, லஜி. உறுப்புக்கு உறுப்பு, அதே வரிசையில். தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் அருகருகே நின்றால் டெலியும் மைக்ரோவும் ஸ்கோப்பும் தாமே விளங்கும். ஒளிச்சேர்க்கை தெரிந்த பிள்ளைக்கு ஃபோட்டோசிந்தசிஸ் என்பதில் ஒளி எது, சேர்க்கை எது என்று கோடு போட்டுக் காட்ட அரை நிமிடம் போதும். பம்புக்குப் பேர்போன கோவையில் சென்ட்ரிஃபியூகல் என்ற சொல்லைக் கேளாதவர் குறைவு. மையத்தை விட்டு ஓடுவது என்பது அதன் இலத்தீன் பொருள், மையவிலக்கு என்பது அதன் தமிழ். தமிழ்க் கலைச்சொல் ஆங்கிலம் கற்பதற்குத் தடை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த நீண்ட ஆங்கிலச் சொல்லின் உள்ளமைப்பைத் திறந்து காட்டும் மிகச் சிறந்த வரைபடம் நம் கலைச்சொல்தான்.

இதற்கு எழும் மறுப்புகளை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. பொருளால் பிரிக்கப் போய்ப் பிள்ளைகள் பொய்ப் பிரிப்பில் விழுவார்கள் என்பது முதல் மறுப்பு. மாமாவைக் குறிக்கும் அங்கிள் என்ற சொல்லும் யு, என் என்ற எழுத்துகளில்தான் தொடங்குகிறது. அங்கே மறுப்பு எதுவும் இல்லை. ஆங்கிலேயர்களே இதில் தவறியிருக்கிறார்கள். ஹாம்பர்க் என்ற ஜெர்மன் நகரின் பெயரோடு எர் சேர்ந்து பிறந்த சொல்லை ஹாம், பர்கர் என்று காது பிரித்துக்கொண்டதால் இன்று பர்கர் தனியாகக் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த ஆபத்து உண்மையானது. இதற்கு நன்னூல் முதலிலேயே வேலி போட்டு வைத்திருக்கிறது. பதம் பகாப்பதம், பகுபதம் என இரண்டு என்று சொல்லிவிட்டுத்தான் அது உறுப்புகளைப் பேசுகிறது. பிரித்த பின் எஞ்சும் பகுதி வேறு சொற்களிலும் அதே பொருளோடு வருகிறதா என்று பார்ப்பதே சோதனை. திருப்பூரில் எல்லோர் வாயிலும் வழங்கும் எக்ஸ்போர்ட் என்பதில் எக்ஸை நீக்கினால் போர்ட் மிஞ்சும். இம்போர்ட், ட்ரான்ஸ்போர்ட், போர்ட்டபிள் என்று சுமந்து செல்லும் பொருளோடு அது பல இடங்களில் வருகிறது. அங்கிளில் அன் என்பதை நீக்கினால் மிஞ்சுவதற்கு உறவே இல்லை. ஆகவே அது பகாப்பதம்.

வேர்ப்பொருள் தெரிவதால் சொற்பொருள் தெரிந்துவிடுமா என்பது இரண்டாம் மறுப்பு. எமர்ஜென்சி என்றால் வெளியே தலைதூக்குவது என்று அறிந்தவனுக்கு அது அவசர சிகிச்சைப் பிரிவு என்று எப்படித் தெரியும்? தெரியாதுதான். நாற்காலியை எண்ணிப் பாருங்கள். நான்கு கால் உடையது என்று பிரித்தறிந்தவனுக்கு அது பசுவா இருக்கையா என்பது தெரியாது. ஆனாலும் அந்தப் பெயரைக் காரணப்பெயர் என்கிறோம். பிரிப்பு தருவது பெயர்க்காரணம். முழுப்பொருளைத் தருவது வழக்கு. வழக்கை வாக்கியத்திலிருந்து கற்க வேண்டும். காரணம் தெரிந்த பெயர் நினைவில் நிற்கும், காரணம் தெரியாத பெயர் நழுவும் என்பதே பிரிப்பின் பயன். ஏற்கெனவே ஒரு மொழிக்குத் திணறும் பிள்ளை தலையில் இலத்தீனையும் கிரேக்கத்தையும் வேறு ஏற்றுவதா என்ற மூன்றாம் மறுப்புக்கு முன்னே சொன்ன எண்ணிக்கையே விடை. 20 முன்னொட்டுகளும் முப்பது நாற்பது வேர்களும், வாரத்துக்கு ஒன்றாகப் பகிர்ந்தாலும் இரண்டு ஆண்டுக்குள் முடிந்துவிடும். அதே காலத்தில் மனப்பாடமாக அவன் சுமந்து மறக்கும் சொற்களின் சுமை இதைவிடப் பல மடங்கு.

நான்காவது மறுப்பே வலுவானது. பொருளையே பிடித்துக்கொண்டிருந்தால் உச்சரிப்பு என்னாவது என்பது அது. இதற்கு விடை, ஆங்கிலத்தில் உச்சரிப்பே பொருளுறுப்பைச் சார்ந்து நிற்கிறது என்பதுதான். ஆட்டம் என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில். இக் என்ற விகுதி சேர்ந்து அடாமிக் ஆனதும் அழுத்தம் இரண்டாவது அசைக்கு நகர்கிறது. எலக்ட்ரிக் என்பதோடு இட்டி சேர்ந்தால் அழுத்தம் நகர்வதோடு ககரமும் சகரமாகிறது. இக், இட்டி, ஷன் என்ற விகுதிகள் பெரும்பாலும் தமக்கு முந்திய அசையில் அழுத்தத்தை நிறுத்தும். விகுதியைக் கண்டறியாமல் அழுத்தத்தை அறிய முடியாது. அழுத்தம் தவறினால் அசை எத்தனை சரியாக இருந்தாலும் கேட்பவருக்குச் சொல் விளங்காது. நம் பேச்சிலேயே இதற்கு ஒரு சான்று ஒளிந்திருக்கிறது. கிலோமீட்டர், சென்டிமீட்டர், தெர்மாமீட்டர், ஸ்பீடாமீட்டர் என்று சொல்லிப் பாருங்கள். கிலோவில் ஓ இருக்கிறது. தெர்மாவிலும் ஸ்பீடாவிலும் அது ஆ ஆகிவிட்டது. கருவிப் பெயர்களில் அழுத்தம் அந்தச் சாரியை உயிரின் மேல் விழுகிறது. அளவுப் பெயர்கள் பெரும்பாலும் முதல் அசையில் அழுத்தம் பெறுகின்றன. படித்தவர் படிக்காதவர் என்றில்லாமல் தமிழ்ச் செவி இந்த வேறுபாட்டைக் கேட்டு ஆகாரமாகப் பதிந்துவைத்திருக்கிறது. பட்டறைக் கடைசல்காரர் கையிலுள்ள திருகு அளவி மைக்ராமீட்டர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோமீட்டர். கருவியா அளவா என்ற பொருள் தெரிந்தால்தான் ஒலியும் சரியாக அமைகிறது. தமிழ் ஒருபடி மேலே போய்க் கருவிக்கு மானி என்று தனிச் சொல்லே வைத்துவிட்டது.

ஓசையைக் கைவிடச் சொல்வது இந்த வாதத்தின் நோக்கம் அன்று. ஓசையில் ஒரு துண்டு மாறினால் உயிரே போகக்கூடிய இடங்கள் உண்டு. குருதியில் சர்க்கரை மிகுந்தால் ஹைப்பர்கிளைசீமியா, குறைந்தால் ஹைப்போகிளைசீமியா. இரண்டுக்கும் வேறுபாடு ஓர் அசையின் ஓரம் மட்டுமே. சிகிச்சையோ நேர் எதிர். ஹைப்பர் என்றால் மிகுதி, ஹைப்போ என்றால் குறைவு என்று உறுப்பின் பொருளை அறிந்த மாணவிக்குத்தான் அந்தச் சிறு ஒலியைக் கூர்ந்து கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கை பிறக்கும். பொருள் தெரிந்த காது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த காது.

ஆகவே வகுப்பறையில் வரிசை இப்படி அமையலாம். நீண்ட சொல் வந்ததும் அது பகுபதமா பகாப்பதமா என்று பார்ப்பது. இரு முனைகளையும் மறைத்துப் பகுதியைத் தேடுவது. அதே பகுதி உள்ள இரண்டு சொற்களை நினைவுபடுத்துவது. தமிழ்க் கலைச்சொல்லைப் பக்கத்தில் எழுதி உறுப்புக்கு உறுப்பு கோடு போடுவது. இணைப்பில் எழுத்து ஏன் மாறியது, இடையில் உயிர் ஏன் வந்தது என்று கேட்பது. அதன் பிறகு அசை பிரித்து, அழுத்தம் வைத்து, உரக்கச் சொல்வது. இதற்குப் புதிய புத்தகம் தேவையில்லை, கருவி தேவையில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பலகையின் முன் சேர்ந்து நிற்கும் ஒரு பாடவேளை போதும். அந்தப் பலகையில் வந்தனன் என்று எழுதி, அதன் கீழே சப்மெர்சிபிள் என்று எழுதட்டும். ஒரு நிறச் சுண்ணத்தால் ஓசை வெட்டு, மறு நிறச் சுண்ணத்தால் பொருள் வெட்டு. மேல் வரிக்கு எந்தப் பிள்ளையும் கோடு போட்டுவிடுவான். பல ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். கீழ் வரிக்கும் அதே கைதான் போகிறது.